ஆறு நொடி

காலையில் முதல் வேலை
மூன்று லீற்றர் பம்பை இயந்திரத்துக்குள் தள்ளுவது.
மூன்றைத் தள்ளினால் மூன்று என்று அது சொல்ல வேண்டும்.
2.98.
டிக்கோயாவில் மூடுபனி. அறைக்குள் பதினேழு பாகை.
போதும், இன்றைக்கு நம்பலாம்.

யோகமணி. சல்லடை ரூம். இருபத்தேழு வருஷம்.

வயது?
"ஐடி கார்ட்டுலயா, நெசமாவா?"
இரண்டு வருஷம் வித்தியாசம்.
அப்பா பதியப் போனது அவர் நடக்கத் தொடங்கிய பிறகாம்.
இரண்டு வருஷம் என்றால்
எதிர்பார்க்கும் மூச்சில் ஐம்பது மில்லிலீற்றர்,
பிளேன்டீ கிளாசில் கால்வாசி.
கார்ட்டில் உள்ளதையே போட்டேன்.

உயரம் அளக்க முதுகு ஒத்துழைக்கவில்லை.
கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்தது
கல்யாணத்துக்கு முந்தி.
"அப்ப கையை விரிங்க, சுவரோட ஒட்டி."
நடுவிரலிலிருந்து நடுவிரல் வரை
நூற்றைம்பத்தொன்று.
நகக்கண்களில் கறுப்பு, கழுவினாலும் போகாதது.

இனம் கேட்டது இயந்திரம்.
எந்த நாட்டிலோ எழுதிய பட்டியல்:
ஐரோப்பியர், ஆபிரிக்கர்,
வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர்.
கீழே இறங்கி இறங்கி
"மற்றவர்" என்பதை அழுத்தினேன்.
அவர் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் அது அவருக்குப் புதிதில்லை.

மூக்குக்குக் கிளிப் போட்டதும் சிரித்தார்.
"துணியா காயப்போடுறீங்க?"
பிறகு,
"அடுப்பு ஊதுற மாதிரியா?"
அடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக.
இது ஒரே மூச்சு.
வெடி மாதிரித் தொடங்கி
இனி ஒன்றுமில்லை என்று ஆகும் வரைக்கும்.
"ஒண்ணுமில்லேன்னு ஆகுற வரைக்குமா?"

ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
விடாதீங்க இன்னும் இன்னும் இன்னும்
நான் கத்தும்போதெல்லாம்
பக்கத்து அறைப் பல் டொக்டர் கதவைச் சாத்துவார்.

முதல் தடவை இருமல்.
இரண்டாவது மூன்று நொடியில் நின்றது.
மூன்றாவதில் உதட்டோரம் காற்று கசிந்தது.

நான்காவதுக்கு முன்
குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"நல்லா ஊதினா ஃபெக்டரியிலயே வச்சிருப்பாங்களா தம்பி?
மலைக்கு அனுப்பிட்டா
இந்த முதுகோட பதினெட்டுக் கிலோ எங்க எடுக்கிறது?
அரைப்பேருதான்."

டொக்டர்தான் சொல்வார் என்றேன்.
அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

நான்காவது ஆறு நொடி.
கழுத்து நரம்பு கயிறாக நின்றது.
ஐந்தாவது.
ஆறாவதும் அதோடு பொருந்த
திரையின் மூலையில் பச்சையில் ஒரு 'ஏ'.

அந்த எழுத்து அவருக்குத் தெரியும்.
"ஏ-யா!"
கிளிப்பைக் கழற்றாமலே, மூக்கடைத்த குரலில்:
"பள்ளிக்கூடத்துல ஒரு தடவகூட வாங்கினதில்ல."

அது ஊதியதற்குக் கொடுத்தது.
நுரையீரலுக்கு வேறு வரி இருக்கிறது, கீழே, சின்ன எழுத்தில்:
முதல் நொடியில் 1.12.
இருக்க வேண்டியதில் அறுபது வீதம்.
நல்ல மூச்சு உச்சியிலிருந்து நேராக இறங்கும்.
இவருடைய கோடு ஏறிய உடனேயே உள்வாங்கிக் குழிந்திருந்தது,
மழைக்குப் பிறகு
பாதி மலை ரோட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.
அந்தக் குழிக்குள் எவ்வளவு தேயிலைத் தூள் என்று
எந்த வரியிலும் இல்லை.

'ஏ' எதற்கு என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மருந்தை இழுக்கக் கொடுத்து
பதினைந்து நிமிஷம் வெளி வாங்கில் இருத்தினேன்.
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், கேட்டது:
"எனக்கு ஏ."
திரும்பி வந்து ஊதியபோது 1.15.

சீட்டை நாலாக மடித்து
கிளினிக் கொப்பிக்குள் வைத்தார்.
"உள்ள இருந்தது எல்லாம் போயிருச்சா?"

இல்லை. எவ்வளவு ஊதினாலும்
ஒரு லீற்றருக்கு மேல் உள்ளேயே நிற்கும்.
இந்த மெஷினுக்கு அது தெரியாது.

"அப்ப சரி" என்றார்.
கதவருகே ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்.
பிறகு டொக்டரின் வரிசைக்கு.

அட்டைக் குழாயைக் கழற்றினேன்.
ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது.
பதினோராம் நம்பர், வாங்க.